மடிப்புக் கதவு பாதியில இறுக்குதா? இழைப்புளிய கையில எடுக்குறதுக்கு முன்னாடி

நீங்க கேட்டது இதான்: துணி அலமாரிக்கு போட்ட ரெண்டு பலகை பைஃபோல்டு கதவு, மூடி இருக்கும்போது சரியா உக்காருது, திறக்க ஆரம்பிச்சா கொஞ்ச தூரத்துலயே நிலைச்சட்டத்துல இறுக்குது, ஒரு இழு இழுத்தா விட்டுக்கொடுத்து அப்புறம் லேசா போயிடுது, மழைக்காலத்துல இன்னும் மோசம், விளிம்ப இழைச்சு எடுத்துடலாமா? என் பதில், இப்போதைக்கு இழைக்காதீங்க. நீங்க சொல்ற அறிகுறிக்கு பத்துல எட்டு தடவ மரம் காரணமா இருக்காது, பிவட், அதாவது கதவு எத மையமா வச்சு திரும்புதோ அந்தப் பின், இருக்குற இடம்தான் காரணமா இருக்கும். இழைச்ச மரம் திரும்ப வராது, பிவட்ட எத்தன தடவ வேணும்னாலும் நகத்திக்கலாம்.

நான் இத இவ்ளோ அழுத்தி சொல்றதுக்கு காரணம் இருக்கு. ரொம்ப வருஷம் முன்னாடி என் வீட்டுக் கதவு ஒண்ணு இதே மாதிரி இறுக்குச்சு, ஈரமான மாசம், மரம் ஊதிடுச்சுன்னு நானே முடிவு பண்ணி விளிம்புல 4 மி.மீ. இழைச்சுட்டேன். வெயில் காலம் வந்ததும் எதிர்ப்பக்கம் விரல் நுழையுற அளவுக்கு சந்து, ஆனா கதவு அதே இடத்துல அதே மாதிரி இறுக்குது. கீழ் பிராக்கெட்டோட ஸ்க்ரூ தளர்ந்து பிவட் நிலைக்கால் பக்கம் ஒதுங்கி இருந்துச்சு, அவ்ளோதான் விஷயம். அத பாத்திருந்தா பத்து நிமிஷ வேலை.

சரி, முதல்ல இந்தக் கதவு எப்படி நிக்குதுன்னு மனசுல வாங்கிக்கங்க, ஏன்னா நிறைய பேர் இது மேல் டிராக்ல தொங்குதுன்னு நினைக்கிறாங்க. வீட்டுக்குள்ள அலமாரிக்கு போடுற சாதாரண பைஃபோல்டு தொங்குறதில்ல. நிலைக்கால் பக்கம் இருக்குற பலகையோட அடியில ஒரு மரை போட்ட பின் இருக்கும், அது தரையிலயும் நிலைக்கால்லயும் ஸ்க்ரூ போட்ட ஒரு எல் வடிவ பிராக்கெட்ல உக்காரும், ரெண்டு பலகையோட மொத்த எடையும் அந்த ஒரே பின்லதான். அதே பலகையோட மேல் முனையில இன்னொரு பின், பெரும்பாலும் ஸ்பிரிங் வச்சது, டிராக்குக்குள்ள இருக்குற சின்ன பிராக்கெட் ஓட்டைக்குள்ள போகும், அதோட வேலை கதவ நேரா நிக்க வைக்கிறது மட்டும். மத்த பலகையோட மேல் ஓரத்துல ஒரு சின்ன சக்கரம் டிராக்ல ஓடும், அது வழிகாட்டி, எடை தாங்காது. நடுவுல ரெண்டு பலகையையும் சேக்குற கீல்கள், பெரும்பாலும் மூணு. இந்த நாலு சமாச்சாரத்துல எது இடம் மாறுனாலும் கதவு உரசும், எது மாறிச்சுன்னு உரசல் இருக்குற இடமே சொல்லிடும்.

உங்க கதவு ஏன் மூடினா நல்லா இருந்து பாதியில இறுக்குதுன்னு இப்ப சொல்றேன், இதுதான் பைஃபோல்டுல ரொம்ப பேர் கவனிக்காத விஷயம். சாதாரணக் கதவு விளிம்புல கீல் வச்சு திரும்பும். பைஃபோல்டு அப்படி இல்ல, பிவட் பின் பலகையோட விளிம்புல இருந்து உள்ள தள்ளி, தடிமனோட நடுவுல இருக்கும், அதனால பலகை திரும்பும்போது பின்னுக்கு வெளிய இருக்குற அந்த சின்ன துண்டும் சேந்து சுத்தும். ஒரு கணக்கு போடுவோம். பலகை 35 மி.மீ. தடிமன், பின் விளிம்புல இருந்து 25 மி.மீ. உள்ளன்னு வச்சுக்கங்க. பின்ல இருந்து விளிம்புக்கு தூரம் 25 மி.மீ., ஆனா பின்ல இருந்து மூலைக்கு கோணலா அளந்தா கிட்டத்தட்ட 30.5 மி.மீ. வரும். அதாவது கதவு மூடி இருக்கும்போது நிலைக்காலுக்கும் கதவுக்கும் 4 மி.மீ. சந்து அழகா தெரியும், ஆனா அறைப் பக்கம் பாத்த மூலை திரும்பி வரும்போது அதுக்கு 5.5 மி.மீ. இடம் வேணும். சுமார் 35 டிகிரி திறந்த நிலையில அந்த மூலை நிலைக்கால ஒட்டி வரும், அத தாண்டிட்டா மறுபடி விலகிடும். நீங்க சொன்ன மாதிரியே, ஒரு இடத்துல இறுக்கி, இழுத்தா விட்டு, அப்புறம் லேசா போகும். உங்க கதவுல அளவு வேற இருக்கலாம், ஆனா கதை இதேதான். அதனால பைஃபோல்டு கதவுக்கு சந்த மூடி வச்சு பாத்தா பத்தாது, பாதி திறந்து வச்சும் பாக்கணும்.

இத உறுதிப்படுத்த ஒரு எளிய வழி. கதவு விளிம்பு மூலையில மேல இருந்து கீழ வரைக்கும் சாக்பீஸ் தேச்சுட்டு கதவ மூணு நாலு தடவ திறந்து மூடுங்க, நிலைக்கால்ல எங்க சாக்பீஸ் ஒட்டுதோ அங்கதான் உரசல். மேல மட்டும் ஒட்டுனா மேல் பிவட்ட நகத்தணும், கீழ மட்டும்னா கீழ் பிவட், முழு நீளத்துக்கும் ஒட்டுனா ரெண்டையும் ஒரே அளவு. எதுவுமே ஒட்டலன்னா பிரச்சனை நிலைக்கால்ல இல்ல, டிராக்லயோ கீல்லயோ தரையிலயோ இருக்கு, அதுக்கு கீழ வர்றேன்.

நகத்துறதுக்கு முன்னாடி ஸ்க்ரூக்கள இறுக்கிடுங்க, தயவு செஞ்சு இந்த வரிசைய மாத்தாதீங்க, தளர்ந்த பிராக்கெட்ட வச்சுக்கிட்டு செட்டிங் பண்ணா நாளைக்கே மாறிடும். கீழ் பிராக்கெட்டோட ஸ்க்ரூ, மேல டிராக்க நிலையோட சேக்குற ஸ்க்ரூ, கீல் ஸ்க்ரூ எல்லாத்தையும் கையால ஸ்க்ரூடிரைவர் வச்சு இறுக்குங்க, டிரில் மெஷின் வச்சு இறுக்குனா மெல்லிசு மரத்துல மரை பிஞ்சுடும். ஏற்கனவே பிஞ்சு ஸ்க்ரூ சும்மா சுத்துதுன்னா, அந்த ஓட்டையில மரப்பசை தடவுன தீக்குச்சி ரெண்டு மூணு (மருந்த கிள்ளிட்டு) சொருகி மட்டமா ஒடிச்சு விட்டு, காஞ்சதும் அதே ஸ்க்ரூவ போடுங்க, நல்லா பிடிக்கும். நீளமான ஸ்க்ரூ போடலாமான்னு தோணும், பிராக்கெட் நிலைக்கால்ல பிடிக்குற இடத்துல போடலாம், கீல்ல போடும்போது பலகை தடிமன பாத்துக்கங்க, அந்தப் பக்கம் முனை வெளிய வந்துடும். இன்னொண்ணு, கீல்ல ஸ்க்ரூ தலை முழுசா உக்காராம துருத்திக்கிட்டு இருந்தா ரெண்டு பலகையும் நடுவுல முட்டிக்கும், அது கூட இறுக்குற மாதிரிதான் தெரியும்.

இப்ப மேல் பிவட். கதவ பாதி மடிச்சு வச்சுக்கிட்டு டிராக்க கீழ இருந்து பாருங்க, மேல் பின் உக்காந்திருக்குற பிராக்கெட்ல ஒரு ஸ்க்ரூ இருக்கும். அத முழுசா கழட்ட வேண்டாம், ஒரு சுத்து ரெண்டு சுத்து தளர்த்துனா போதும், பிராக்கெட் டிராக்குக்குள்ள வழுக்கும். 2 மி.மீ. நிலைக்கால விட்டு தள்ளி நகத்தி இறுக்கிட்டு திறந்து பாருங்க. ஒரேயடியா 6 மி.மீ. நகத்துனா எதிர்ப்பக்கம் போய் இடிக்கும், கொஞ்சம் கொஞ்சமா போங்க. பழைய இடத்த பென்சில்ல ஒரு கோடு போட்டு வச்சுக்கிட்டா தப்பானாலும் திரும்பி வந்துடலாம்.

கீழ் பிவட் கொஞ்சம் வேற மாதிரி. அந்த எல் பிராக்கெட்ல சீப்பு மாதிரி பல்லு பல்லா வெட்டு இருக்கும், பின் அதுல ஏதோ ஒண்ணுல உக்காந்திருக்கும். கதவ மடிச்சு, ரெண்டு கையாலயும் நேரா மேல தூக்குங்க, பின் பல்ல விட்டு வெளிய வந்ததும் அடுத்த பல்லுக்கு தள்ளி இறக்குங்க. தூக்கும்போது மேல் பின் ஸ்பிரிங் அமுங்கி இடம் கொடுக்கும். இத தனியா செய்யாதீங்க, கண்ணாடி ஒட்டுன கதவா இருந்தா நிச்சயமா இன்னொரு ஆள் வேணும், கை வைக்கிற இடம் கீல் பக்கமா இல்லாம பாத்துக்கங்க, ரெண்டு பலகைக்கு நடுவுல விரல் மாட்டுனா வலி சாதாரணமா இருக்காது. சின்ன பிள்ளைங்க பக்கத்துல நிக்க வேண்டாம். சில பிராக்கெட்ல பல்லுக்கு பதிலா நீளமான வழியும் ஒரு ஸ்க்ரூவும் இருக்கும், அதுல தளர்த்தி நகத்தி இறுக்குறதுதான்.

ரெண்டையும் நகத்துனதுக்கு அப்புறம் ஒரு சோதனை முக்கியம், மேல் பின்னும் கீழ் பின்னும் ஒரே செங்குத்துக் கோட்டுல இருக்கணும். தூக்குக்குண்டு இருந்தா மேல் பிராக்கெட் ஓட்டையோட நடுவுல இருந்து தொங்க விட்டு கீழ எங்க விழுதுன்னு பாருங்க, இல்லன்னா நூல்ல ஒரு கனமான நட்டு கட்டுனா அதுவே தூக்குக்குண்டு, ரசமட்டத்த பிவட் பலகை விளிம்புல நிமித்தி வச்சும் பாக்கலாம். இந்தக் கோடு சாஞ்சிருந்தா கதவு சொல்பேச்சு கேக்காது, பாதியில விட்டா தானா திறந்துக்கும் இல்ல தானா மூடிக்கும். கதவு தானா நகருதுன்னு காந்தம் வைக்கிறாங்க, பூட்டு வைக்கிறாங்க, பிவட்ட செங்குத்தாக்குனா அதுக்கெல்லாம் தேவையே வராது.

இப்ப நீங்க கேப்பீங்க, பிவட் பக்கம் நகத்துனா எதிர்ப்பக்கம் சந்து போயிடுமேன்னு. போகும், அதனாலதான் மொத்த சந்த முன்னாடியே அளந்து வச்சுக்கணும். கதவ மூடி, இடது பக்க சந்தையும் வலது பக்க சந்தையும் மேல, நடுவுல, கீழன்னு மூணு இடத்துல அளந்து கூட்டுங்க. கூட்டுத்தொகை 8, 10 மி.மீ. இருந்தா இடம் இருக்கு, பிரிச்சு வச்சா போதும், மரத்த தொடவே வேண்டாம். மூணு இடத்துலயும் கூட்டுத்தொகை வேற வேறயா வந்தா நிலையே கோணல், அப்ப எங்க கம்மியோ அங்க மட்டும் பாத்துக்கலாம். எல்லா இடத்துலயும் 5 மி.மீ.க்கு கீழன்னா இடம் உண்மையிலயே பத்தல. அப்பவும் முழு விளிம்பையும் இழைக்காம, அந்த அறைப் பக்கத்து மூலைய மட்டும் உப்புத்தாள் சுத்துன கட்டையால 2 மி.மீ. மழுக்கி விட்டீங்கன்னா திரும்பும்போது இடிக்கிற தூரம் குறையும், முன்னாடி நின்னு பாத்தா வித்தியாசமே தெரியாது. பல தடவ பெயிண்ட் அடிச்ச கதவா இருந்தா பழைய பெயிண்ட் படிமானமே ரெண்டு பக்கமும் சேத்து ஒரு மி.மீ. இருக்கும், அத தேச்சு எடுத்தாலே சரியாகுறதும் உண்டு. பழைய பெயிண்ட் தேய்க்கும்போது முகமூடி போட்டுக்கங்க, ரொம்ப பழைய வீட்டு பெயிண்ட்ல ஈயம் இருக்கலாம், அப்படி சந்தேகம் இருந்தா தேய்க்காதீங்க.

மழைக்காலம் பத்தி. மரம் ஈரத்துல ஊதுறது உண்மை, ஆனா அது இழைக்கு, அதாவது மரத்தோட நார் ஓட்டத்துக்கு, குறுக்கதான் ஊதும், இழை ஓடுற திசையில நீளுறது ரொம்ப ரொம்ப கம்மி. கதவோட நெட்டுக்கட்டைல இழை மேல இருந்து கீழ ஓடுது, அதனால மழைக்கு கதவு அகலமாகும், உயரமாகாது. இது தெரிஞ்சா ஒரு தீர்ப்பு சுலபமா சொல்லலாம்: மழைக்காலத்துல நிலைக்கால்ல இறுக்குனா மரத்துக்கும் பங்கு இருக்கு, தரையில உரசுனா அது மரம் இல்ல, கதவு இறங்கியிருக்கு, இல்லன்னா தரை ஏறியிருக்கு. உங்களுக்கு வருஷம் முழுக்க இறுக்கி மழைக்கு அதிகமாகுதுன்னா, பிவட் ஏற்கனவே நெருக்கமா இருக்கு, ஊதுன ஒரு மி.மீ. அத காட்டிக் கொடுக்குது. அதனால ஈரக் காலத்துல பிவட்ட வச்சு சரி பண்ணிட்டு, காஞ்ச காலத்துல மறுபடி அளந்து பாத்துட்டுதான் மரத்துல கை வைங்க. எம்டிஎஃப் (மரநார பசை போட்டு அழுத்தி செஞ்ச பலகை) கதவு மட்டும் இதுக்கு விலக்கு, அது தண்ணி குடிச்சு ஓரம் உப்பிடுச்சுன்னா காஞ்சாலும் பழையபடி திரும்பாது, உப்புன இடத்த தேச்சு உடனே பிரைமர் அடிச்சு மூடிடணும்.

தரையில உரசுறவங்களுக்கு, இல்ல மேல டிராக்ல இடிக்கிறவங்களுக்கு: கீழ் பின்னுல ஒரு ஆறுமுக நட்டோ பிளாஸ்டிக் வளையமோ இருக்கும், அத சுத்துனா பின் வெளிய வரும், கதவு ஏறும், எதிர்ப்பக்கம் சுத்துனா உள்ள போகும், கதவு இறங்கும். எடை அதுமேல இருக்கும்போது சுத்தாதீங்க, ஒருத்தர் கதவ லேசா தூக்கிப் பிடிக்க, இல்ல அடியில ஆப்பு வச்சு எடைய வாங்கிக்கிட்டு, ஸ்பேனரால அரை சுத்தா போங்க. சிலதுல கதவ கழட்டி பின்ன கையால சுத்துறதுதான் வழி. பின் ரொம்ப வெளிய வந்து மரத்துக்குள்ள கொஞ்சம்தான் மரை இருக்குன்னா அது ஆடும், சீக்கிரம் பிச்சுக்கும். புதுசா டைல்ஸோ கார்பெட்டோ போட்டு தரை ஏறுன வீடுகள்ல இது நடக்குது, அப்ப பின்ன இழுக்காம பிராக்கெட்டுக்கு அடியில பிளைவுட் துண்டு வச்சு ஸ்க்ரூ போடுங்க, மேல இடம் இருக்கான்னு மட்டும் பாத்துக்கங்க.

கதவ கழட்டுறது எப்படின்னும் சொல்லிடறேன். முழுசா மடிச்சு, வழிகாட்டி சக்கரத்த ஸ்க்ரூடிரைவர் முனையால அமுக்கி டிராக்ல இருந்து விடுவிச்சு, கதவ மேல தூக்கி கீழ் பின்ன பிராக்கெட்ல இருந்து எடுத்து, அடிப்பக்கத்த உங்க பக்கமா கொண்டு வந்து, அப்புறம் கீழ இறக்குனா மேல் பின் தானா வெளிய வரும். மாட்டுறதுக்கு இத அப்படியே தலைகீழா.

கழட்டுனப்பவே அடிப்பாகத்த நல்லா பாருங்க. உள்ள காலியா இருக்குற லேசான கதவுகள்ல பின் உக்காருற இடத்துல மட்டும்தான் மரத்துண்டு இருக்கும், அது விரிஞ்சு பின் சாஞ்சு நிக்குதுன்னா மேல எத்தன செட்டிங் பண்ணாலும் நிக்காது. விரிசல்ல மரப்பசைய நல்லா உள்ள விட்டு கிளாம்ப் போட்டு ஒரு முழு நாள் விட்டுடுங்க. ஓட்டை பெருசாகிடுச்சுன்னா அத சுத்தமா பெருசாக்கி, உருண்டை மரக்குச்சிய பசை போட்டு அடைச்சு, காஞ்சதும் சரியான அளவுல புது ஓட்டை போடுங்க. அதுவும் தாங்காதுன்னா மூலைய சுத்தி மாட்டுற இரும்புத் தகடு பிவட்டோட சேத்தே வருது, பைஃபோல்டு ரிப்பேர் பிராக்கெட்னு கேட்டா கிடைக்கும், உடைஞ்ச மூலைக்கு அதுதான் உருப்படியான வைத்தியம்.

சாக்பீஸ் சோதனையில நிலைக்கால்ல ஒண்ணும் ஒட்டாதவங்க டிராக்க பாருங்க. டார்ச் அடிச்சு பாத்தா தூசி, முடி, பெயிண்ட் சொட்டு, சில சமயம் துருத்திக்கிட்டு நிக்குற ஸ்க்ரூ தலை எல்லாம் தெரியும், சக்கரம் அங்க வந்துதான் நிக்கும். பழைய டூத்பிரஷ்ஷாலயும் வாக்குவம் வச்சும் சுத்தம் பண்ணுங்க, டிராக்கோட உதடு உள்பக்கம் வளைஞ்சிருந்தா பக்கத்துல ஒரு கட்டைய குடுத்து பிளையரால மெதுவா நிமித்துங்க. அப்புறம் எண்ணெய். தேங்காய் எண்ணெய், மெஷின் ஆயில், கிரீஸ் எதுவும் வேண்டாம், ஒரு மாசம் நல்லா ஓடும், அப்புறம் தூசிய பிடிச்சு பசையாகி முன்னவிட மோசமாகும். சிலிக்கான் ஸ்ப்ரே போடுங்க, இல்லன்னா சாதாரண மெழுகுவர்த்திய டிராக் உள்விளிம்புல தேச்சாலும் போதும், பெயிண்ட் அடிக்கப்போற இடத்துல சிலிக்கான் படாம பாத்துக்கங்க, அதுமேல பெயிண்ட் ஒட்டாது. சக்கரம் தேஞ்சு ஒரு பக்கம் தட்டையாகியிருந்தா மாத்திடுங்க, அளவு வேற வேற இருக்கும், பழசயே கையோட எடுத்துட்டுப் போங்க.

நாலு பலகை, அதாவது ரெண்டு ஜோடி நடுவுல சந்திக்கிற கதவா இருந்தா, ரெண்டு ஜோடியோட உயரத்தையும் முதல்ல ஒண்ணாக்கிட்டுதான் நடுச்சந்த சரி பண்ணணும். நடுவுல மேல சந்து, கீழ இடிக்குதுன்னா ஒரு ஜோடி சாஞ்சிருக்கு, ரெண்டையும் தனித்தனியா செங்குத்து பாத்தா எதுன்னு தெரிஞ்சிடும், சாயாதத தொடாதீங்க.

இதெல்லாம் வீட்டுக்குள்ள இருக்குற கதவுக்கு. தோட்டத்துப் பக்கம் போடுற பெரிய அலுமினியம் கண்ணாடி பைஃபோல்டு வேற வகை, சிலது மேல தொங்கும், சிலது கீழ உருளும், ஒரு பலகையே தூக்க முடியாத எடை இருக்கும். அதுல நீங்க செய்யக்கூடியது கீழ் டிராக்க சுத்தமா வச்சுக்கிறது, மழைத்தண்ணி வெளிய போற சின்ன ஓட்டைங்க அடைக்காம பாக்குறது, ரப்பர் சீலுக்கு சிலிக்கான் தடவுறது. உயரம் மாத்துறத அதப் பொருத்துனவங்ககிட்டயே விட்டுடுங்க.

உங்க கதவுக்கு நான் செஞ்சா, ஸ்க்ரூவெல்லாம் இறுக்கிட்டு, சாக்பீஸ் வச்சு பாத்துட்டு, மேல் பிவட்ட 2 மி.மீ., கீழ ஒரு பல்லு நகத்தி, நூல் கட்டி செங்குத்து பாப்பேன், மேல அளவு கொஞ்சம் பிசகுனா அத கீழ் பல்லுக்கு ஏத்த மாதிரி மாத்திப்பேன், ஏன்னா பல்ல நாம நினைச்ச அளவுக்கு நகத்த முடியாது, மேல் பிராக்கெட்ட முடியும். அப்புறம் பாதி திறந்து அந்த மூலைக்கும் நிலைக்காலுக்கும் நடுவுல ஒரு தடிச்ச அட்டை தடையில்லாம நுழையுதான்னு பாருங்க. நுழைஞ்சா மழைக்காலத்துக்கும் தாங்கும். நுழையலன்னா மூணு இடத்துல அளந்த சந்து எவ்ளோன்னு எழுதுங்க, மூலைய எவ்ளோ மழுக்கணும்னு சொல்றேன். மழுக்குனா அன்னிக்கே அந்த வெறும் மரத்துக்கு பெயிண்டோ வார்னிஷோ அடிச்சுடுங்க, கதவோட அடி விளிம்பும் மேல் விளிம்பும் பெரும்பாலும் யாரும் அடிக்காம விட்டிருப்பாங்க, ஈரம் அந்த வழியாத்தான் உள்ள போகுது, கழட்டி வச்சிருக்கும்போதே அதையும் சேத்து அடிச்சுடுங்க.